உப்பு மாப்பிள்ளையின் கை

உப்பு என்ற பெயரை மாமியார் முதன்முதலில் கேட்டது தொலைபேசியில். மகளுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. நாத்தனார் கூப்பிட்டு, தன் ஓரகத்திக்குக் கூடப்பிறந்த தம்பி ஒருவன் இருக்கிறான் என்றாள். பல்செட்டு செய்கிற தொழில், சொந்தப் பட்டறை, குடி கிடையாது, சீட்டு கிடையாது. எல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணே ஒண்ணு அண்ணி. அவனை வீட்ல உப்புன்னுதான் கூப்பிடுவாங்க." ஏன் என்று கேட்டதற்கு, "வாளி வாளியா உப்பு வாங்குவான். வேற குறை ஒண்ணும் இல்ல" என்றாள். வாளிக்கணக்கில் உப்பு வாங்குகிறவன் மீனைக் காயவைத்து விற்க வேண்டும், இல்லையென்றால் தோல் பதப்படுத்த வேண்டும். பல்லுக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று பிடித்த யோசனை மாமியாரைப் பல நாள் விடவில்லை.

வீட்டைப் பார்க்கப் போன அன்றுதான் தெளிந்தது. கூடத்தில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு கண்ணாடித் தொட்டி. பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, வலது கையைத் தோள்வரை தண்ணீருக்குள் விட்டபடி ஓர் ஆள். சட்டைக்கை நழுவாமலிருக்கத் துணி கிளிப் மாட்டியிருந்தது. பெண் வீட்டார் வாசலில் நிற்கிறார்கள், அவர் கழுத்தை மட்டும் திருப்பி, "வாங்க, வாங்க, உக்காருங்க. கையை எடுக்க முடியாது, பசை காயுது" என்றார். "நாம கை நனைக்கறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை நனைச்சிட்டாரு" என்று கூட வந்த பெரியப்பா மாமியாரின் காதைக் கடித்தார். பசை காய்ந்து, அவர் இறங்கி, கையைத் துடைத்து வணக்கம் சொல்வதற்குள் வந்தவர்கள் காப்பியைக் குடித்து முடித்திருந்தார்கள். உப்பு அந்தத் தொட்டிக்குத்தான். வீட்டுக்குள் கடலை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் கடல் குடிக்கிற அளவுக்கு உப்பும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

கல்யாணம் நடந்தது. அந்த வீட்டுக்குப் போன மகள் தொட்டியைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். "சக்களத்திக்குச் சோறு போட்டுட்டு வர்றாரும்மா, அப்புறம் பேசறேன்" என்று தொலைபேசியை வைத்துவிடுவாள். குரலில் கோபம் இருக்காது.

பட்டறை வீட்டின் பின்னறையில். மேசை முழுக்கச் சுண்ண அச்சுகள். அக்கம்பக்கத்தில் பாதிப் பேரின் தாடைகள் வாயைத் திறந்துகொண்டு அங்கே காய்ந்துகொண்டிருக்கும். மெழுகு உருகுகிற வாசனை எப்போதும் உண்டு. மாப்பிள்ளைக்கு முகம் மறந்துபோகும், பல் மறக்காது. பேருந்தில் யாராவது சிரித்தால், "அது நம்ம வேலை" என்று பெண்டாட்டியிடம் கிசுகிசுப்பார். மாப்பிள்ளைக்கு எதிரில் மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசுவதைப் பார்த்து, எவ்வளவு மரியாதை என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள். மரியாதை ஒன்றும் இல்லை. கீழ்வரிசை ஆடியது. அவர் கண்ணில் பட்டால் விடமாட்டார் என்ற பயம்தான். பட்டது, விடவுமில்லை. "அத்தை, கீழ ரெண்டு ஆடுது போல" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரிலேயே கேட்டுவிட்டார்.

கை ஓயாத மனிதர். யார் வீட்டுக்குப் போனாலும் கோணலாகத் தொங்கும் காலண்டரை நேராக்குவார். கதவு கிரீச்சென்றால் எண்ணெய் எங்கே என்று கேட்பார். நாத்தனாருக்குக் குடலிறக்க அறுவை நடந்தபோது மருத்துவமனைக்குப் பார்க்கப் போனவர், கட்டில் சக்கரம் ஆடுவதைக் கண்டுபிடித்து, குனிந்து முடுக்கிவிட்டு, மணி ஆகிவிட்டதென்று கிளம்பிவிட்டார். படுத்திருந்தவளிடம் உடம்பு எப்படி என்று கேட்கவே இல்லை. "கட்டில் குணமாயிடுச்சு அண்ணி, எனக்குத்தான் இன்னும் வலி" என்று நாத்தனார் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

பவளம் என்றால் மாமியாருக்குத் தெரிந்தது மாலையில் கோர்க்கிற சிவப்பு மணி. மாப்பிள்ளை பவளம் என்று காட்டியதோ வெளிர்பழுப்பில் ஒரு காளான். தடித்த தண்டு, அதன் மேல் தட்டையான குடை, குடை முழுக்கப் பொடிப்பொடியாய் விரல்கள். தண்ணீர் ஓடும் பக்கமெல்லாம் அந்த விரல்கள் சாய்ந்து நிமிரும். கல்லாக இறுகாமல் தோல் மாதிரித் துவளுகிற ஜாதி. மென்பவளம் என்று பெயராம்.

"இது செடியா, பூச்சியா?"

"பூச்சிதான் அத்தை. ஒண்ணு இல்ல. ஒரு ஊரே ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு."

"கூட்டுக் குடும்பம்."

"ஆமா. ஆனா சண்டை போடாது."

"அப்ப அது குடும்பமே இல்ல" என்றார் மாமியார்.

மகள் வீட்டில் பாதி, மகன் வீட்டில் பாதி என்று காலம் தள்ளுகிறவர் அவர். மகள் வீட்டில் இருக்கும் நாளில் தொட்டிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். டிவியைவிட இதில் கதை மெதுவாகப் போகும், கண்ணுக்கு நோவில்லை. துண்டு வெட்டும் நாளென்றால் சாப்பாடே மறந்துவிடும்.

மாப்பிள்ளை கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு பெரிய காளானைக் கல்லோடு வெளியே எடுப்பார். வந்த வேகத்தில் அது விரல்களையெல்லாம் உள்ளுக்கு இழுத்துக்கொண்டு பழைய செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். குடையின் ஓரத்தில் பிளேடால் ஒரே இழுப்பு. வெட்டுப்பட்ட துண்டு சுருண்டு, கொழகொழவென்று சளியைக் கக்கும். அதைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி அலசி, பல் மெழுகை இழைக்கிற சின்னக் கரண்டியால் வழிப்பார். பிறகு பசையைத் தேடுவார் என்று மாமியார் எதிர்பார்த்தால், ஊசியைத் தேடினார்.

"அன்னைக்குப் பசை காயுதுன்னீங்களே?"

"அது கல்லோட கல்லு ஒட்டறது அத்தை. இது சதை. பசை போட்டா தோலை உரிச்சுப் போட்டுடும். பசை தோலோட போயிடும், இது மிதந்து போயிடும்."

தூண்டில் நரம்பை ஊசியில் கோத்து, துண்டின் அடியில் ஒரு குத்து, கல்லைச் சுற்றி ஒரு சுற்று, தளர்வாக ஒரு முடிச்சு. இறுக்கினால் நரம்பு சதையை அறுத்துக்கொண்டு வந்துவிடும். கல்லைத் தொட்டியில் தண்ணீர் அலையாத மூலையாகப் பார்த்து வைத்து, மேலே வலைத்துணியால் ஒரு மூடாக்கு. அவ்வளவுதான். துண்டின் அடி மெல்ல மெல்லக் கல்லின் மேல் படர்ந்து, தானாகப் பிடித்துக்கொண்ட பிறகு நரம்பை நறுக்கி எடுத்துவிடுவார். "நாம பக்கத்துல உக்கார வைக்கலாம் அத்தை. புடிக்கிறது அதோட இஷ்டம்" என்பார்.

"தரகரும் இதையேதான் சொல்றாரு" என்பார் மாமியார்.

தொட்டி வைத்திருக்கிறவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. நன்றாக வளர்ந்ததில் ஒரு துண்டு வெட்டி இன்னொருத்தருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதைத் தானம் என்று சொல்ல முடியாது. உறைமோர் கொடுப்பது மாதிரிதான். நம் வீட்டில் ஒரு நாள் இல்லாமல் போனால், பக்கத்து வீட்டில் கிண்ணத்தை நீட்டலாம். அப்படி மாப்பிள்ளை சிலருக்குக் கொடுத்தார். அதில் ஒரு துண்டு மாமியாரின் மகனுக்குப் போயிற்று. அவன் லிப்ட் பழுதுபார்க்கிற வேலைக்காரன். நாள் முழுக்க மாடிமாடியாக இருட்டுக் குழிக்குள் தொங்குகிறவன். வீட்டுக்கு வந்தால் வெளிச்சமாக ஏதாவது பார்க்க வேண்டுமென்று அத்தானைப் பார்த்து அவனும் ஒரு சின்னத் தொட்டி வைத்தான். எல்லாருக்கும் கொடுத்த மாதிரியே அவனுக்கும் கொடுக்கும்போது மாப்பிள்ளை சொன்னது ஒன்றுதான். "வச்ச பிறகு கை வைக்காதே."

கை வைத்தது யார் என்றால் சொன்னவரேதான்.

ஒரு விடுமுறை நாளில் மாப்பிள்ளை மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தார். மேல்மாடிக்காரர் கூப்பிட்டாரென்று மச்சினன் எழுந்து போனான். திரும்பி வந்தால் அத்தான் சட்டைக்கையை மடித்துக்கொண்டு தோள்வரை உள்ளே நிற்கிறார். மூலையிலிருந்த காளானை எடுத்து உச்சிக் கல்லில் வைத்தாயிற்று. பாறைகளையும் பாதி மாற்றி அடுக்கியாயிற்று.

"என்ன பண்றீங்க அத்தான்?"

"நீ வச்ச இடமே தப்பு. அந்த மூலைல வெளிச்சம் ஏது? செத்துடும்."

"செத்தா என் தொட்டில சாகட்டும்."

"நான் குடுத்ததுடா."

"குடுத்துட்டீங்க இல்ல? அப்புறம் எதுக்குக் கை? ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"தண்ணில கை வைக்க மனு போடணுமா?"

அடுக்கிய பாறை ஒன்று சரிந்து கண்ணாடியில் டணாரென்று இடித்தது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. "கையை எடுங்க" என்றான் மச்சினன். அத்தான் என்ற சொல் அதில் இல்லை. ஈரக்கையோடு வீடு திரும்பிய மாப்பிள்ளை, துடைக்க மகள் நீட்டிய துவாலையை வாங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேலாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் போக்குவரத்து மாமியார் ஒருவர்தான். அங்கே சொன்னதை இங்கேயும் இங்கே சொன்னதை அங்கேயும் சுமந்து, பாதியை வழியிலேயே தொலைத்துவிடுவார். "அந்த மேதாவி எப்படி இருக்காரு?" என்று மகன் கேட்டது மகள் வீட்டுக்கு வரும்போது, "அத்தான் சௌக்கியமான்னு கேட்டான்" என்று ஆகியிருக்கும். தொலைக்கத் தெரியாதவர் குடும்பத்தில் தூது போகக் கூடாது. ஆனால் மகள் தம்பி வீட்டு வாசலை மிதிக்காமல் இருப்பதும், மகன் அக்கா என்று சொல்லாமல் "அவங்க வீட்ல" என்று சொல்வதும் எந்த மூட்டையிலும் கட்ட முடியாத சமாச்சாரம். தான் கண்ணை மூடினால் இந்தப் போக்குவரத்தும் நின்றுபோகும் என்று மாமியாருக்குத் தெரியும். அதுதான் அவருக்குப் பெரிய கவலை.

அந்த நேரத்தில்தான் பெரிய காளான் மூடிக்கொண்டது. விரல்களை இழுத்துக்கொண்டு, மேலே மெழுகு பூசினாற்போல் ஒரு பளபளப்பு. அது அவ்வப்போது தோல் உரிக்கிற ஜாதி. சில வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். பழைய தோல் கழன்றதும் தானே விரியும். மாப்பிள்ளைக்குத் தெரியாததா? ஊரில் யார் கேட்டாலும், "விட்டுடுங்க, கோவிச்சுக்கிட்டிருக்கு, தானா வரும்" என்று சொல்கிறவர். சொந்த வீட்டில் நடந்தபோது விட முடியவில்லை. காலையில் வலப்பக்கம் நகர்த்தினார். மாலையில் இடப்பக்கம். வெளிச்சம் அதிகமோ என்று கீழே இறக்கினார், போதவில்லையோ என்று மேலே ஏற்றினார். கடைசியில் மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்து, தோல் உரிய உதவி செய்கிறேன் பேர்வழி என்று தேய்த்தார். தோலோடு சதையும் கிழிந்தது. கிழிந்த இடம் கறுத்து, அழுகல் தண்டுக்கு இறங்கியது. நல்ல பாகமாக ஒரு துண்டை வெட்டித் தைத்தும் பார்த்தார். தைத்ததையும் சும்மா விடவில்லை. பிடித்ததா, பிடித்ததா என்று தினமும் விரலால் அசைத்துப் பார்த்தார். பிடிக்கப்போகிற நேரத்திலெல்லாம் அசைத்தால் அது எதைப் பிடிக்கும்?

"சக்களத்தி போயிட்டாம்மா" என்று மகள் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். "சாப்பிட உக்காந்தா கையையே பாத்துக்கிட்டிருக்காரு. நான் என்னத்தைச் சொல்ல?"

மாப்பிள்ளை கிண்ணத்தை நீட்டக் கிளம்பினார். துண்டு வாங்கிக்கொண்டவர்களில் ஒருவர் ஊரைவிட்டே போயிருந்தார். இன்னொருவர் வீட்டுத் தொட்டியில் இப்போது பேரப்பிள்ளையின் பொம்மைகள் கிடந்தன. மிச்சம் இருந்தது ஒரே வீடு.

அன்று மாமியார் மகன் வீட்டிலிருந்து வந்து பையை இறக்கியதும், மாப்பிள்ளை பட்டறையிலிருந்து வந்து நின்றார். கையில் யாருடைய மேல்வரிசையோ இருந்தது.

"அங்க அது எப்படி இருக்கு அத்தை?"

"எது?" மாமியாருக்குத் தெரியாமலில்லை.

"அதான். மூலைல இருந்தது."

"மூலைலயேதான் இருக்கு. அன்னைக்கே திரும்ப அங்க வச்சிட்டான். குடை தாம்பாளம் அளவுக்கு ஆயிடுச்சு."

மாப்பிள்ளை அந்தப் பல்வரிசையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெளிச்சம் ஏதாவது மாத்தினானா?"

"வெளிச்சம் அதேதான். யாரும் கை வைக்கல, அவ்வளவுதான்."

சொன்ன பிறகு மாமியாருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. வழியில் தொலைத்திருக்க வேண்டிய வார்த்தை அது. மாப்பிள்ளை பட்டறைக்குள் போய்விட்டார். பல்லைத் தீட்டும் சக்கரம் சுற்றும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.

அடுத்த முறை மகன் வீட்டுக்குப் போனபோது, மகள் வீட்டுப் பெரிய காளான் செத்துப்போன விஷயத்தைச் சாப்பாட்டுக்கு நடுவில் போட்டுவைத்தார். மகன் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"எல்லாமே போயிடுச்சா?"

"எல்லாம்."

"வேணும்னா அவரே வந்து வெட்டிக்கட்டும். நான் வெட்டிக் குடுத்தா அதுலயும் நொட்டை சொல்வாரு."

மாமியார் அதன் முற்பாதியை மட்டும் கொண்டுபோனார். "வந்து வெட்டிக்கச் சொன்னான்" என்றார். மாப்பிள்ளை நம்பவில்லை. "அவனா சொன்னான்?" "என் வாயால சொல்றேன், நீங்க கட்டின பல்லால சொல்றேன், அவன்தான் சொன்னான்."

அவர் கிளம்பினார். பிளேடு, ஊசி, தூண்டில் நரம்பு, வலைத்துணி எல்லாம் ஒரு டப்பாவில். மகளும் கூடக் கிளம்பினாள். மச்சினன் கதவைத் திறந்து, "வாங்க" என்று பொதுவாகச் சொன்னான். யாருக்கு என்று சொல்லவில்லை. அக்கா உள்ளே போனதும் தம்பி அவள் பையை வாங்கி வைத்தான்.

தொட்டியில், அந்தத் தப்பான மூலையில், காளான் குடையை விரித்துக்கொண்டு விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கண் மட்டும் தொட்டி முழுக்க மேய்ந்தது. மோட்டார் கரகரத்தது. பின்னால் கட்டிய விரல்கள் ஒன்றையொன்று பிசைவதை மாமியார் தன் இடத்திலிருந்து பார்த்தார்.

"மோட்டார் சத்தம் போடுதே" என்றார் மாப்பிள்ளை.

"ஆமா."

அதோடு விட்டார். மாமியாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"எந்தப் பக்கம் வெட்டட்டும்?"

மச்சினன் திடுக்கிட்டாற்போல் பார்த்தான். "உங்களுக்குத் தெரியாததா?"

"உன் தொட்டி. நீ சொல்லு."

அவன் அம்மாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், காளானைப் பார்த்தான். "பின்பக்கமா வெட்டிக்குங்க அத்தான். முன்னாடி பாக்க லட்சணமா இருக்கட்டும்."

பின்பக்கம் சுவரில் இடித்து மெலிந்து சுருங்கியிருந்தது. முன்பக்கத் துண்டுதான் உருப்படியான துண்டு என்று இத்தனை காலம் பார்த்த மாமியாருக்கே தெரிந்தது. மாப்பிள்ளை பின்பக்கமாகவே வெட்டினார்.

அலசினார், வழித்தார், தைத்தார். கல்லைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, மச்சினன் பிடித்துக்கொண்டான். "இறுக்கலாமா?" என்று அவன் கேட்க, "வேணாம், வேணாம், இழைஞ்சாப் போதும்" என்று இவர் சொல்ல, இரண்டு தலையும் ஒரு வாளிக்கு மேல் முட்டிக்கொண்டிருந்தன. முடிச்சுப் போட்டானதும் எடுத்துப்போக ஒரு பாத்திரம் கேட்டார்.

"இப்பவேவா?" என்றான் மச்சினன். "பஸ்ல ஆடாதா? புடிக்கிற வரைக்கும் ஆடக் கூடாதும்பீங்களே. இங்கயே கிடக்கட்டும். புடிச்சதும் கொண்டுபோங்க."

"நடுநடுவுல பாக்கணுமே."

"வந்து பாருங்க. பாக்க மட்டும்."

அப்படித்தான் மாப்பிள்ளை சாயங்காலங்களில் மச்சினன் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். முதலில் வந்தார், பார்த்தார், போனார். பிறகு உட்கார்ந்தார். பிறகு லிப்ட் கயிறு எப்படி அறுகிறது, பல்செட்டு ஏன் ஆடுகிறது என்று இரண்டு பேரும் பேசத் தொடங்கினார்கள். மகள் சில நாள் கூட வருவாள், சில நாள் வரமாட்டாள். மாமியாருக்குச் சுமக்க மூட்டை குறைந்தது.

துண்டு பிடித்துவிட்டது. பிடித்து வெகுநாள் ஆகிறது. நரம்பை மச்சினனே நறுக்கி எடுத்தான். ஒரு நாள் கல்லைத் தூக்கிச் சாய்த்தும் காட்டினான், துண்டு அசையவில்லை. அதன் தலையில் சின்னதாய் ஒரு குடையும், குடையில் விரல்களும் வந்தாயிற்று. மகள் வீட்டுத் தொட்டியில் அதற்காக நடுப்பாறையில் இடம் ஒழித்து வைத்திருக்கிறது.

"எப்பங்க வீட்டுக்கு வரும்?" என்று மகள் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் உறுதியாகட்டும்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். கல்லைச் சாய்த்துக் காட்டியதைக் கண்ணால் பார்த்த மாமியார், கீரையை ஆய்வதில் மும்முரமாக இருந்தார்.

இந்நேரம் மாப்பிள்ளை பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து, மச்சினன் வீட்டு முன்னறையில் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். மச்சினன் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறார்.